கணக்கு யார் கையில்?

அண்மைக் காலமாக ஒரு கூற்று நம் செவிகளில் இடையறாது ஒலித்துக்கொண்டிருக்கின்றது. பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலே சிறப்பு விருந்தினராக வருபவர் அதனைச் சொல்கிறார். பத்திரிகையின் ஞாயிறு மலரிலே அதனைப் படிக்கிறோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த உறவினரும் முற்றத்தில் கதிரை போட்டமர்ந்து அதனையே மொழிகிறார். ‘உலகத்தின் தலைசிறந்த பல்கலைக்கழகங்கள் யாவும் இன்று உன் கைத்தொலைபேசிக்குள் இருக்கின்றன. பைதன் படிக்கலாம், தரவுப் பகுப்பாய்வு படிக்கலாம், ஒரு சதமும் செலவில்லை. படுவான்கரையில் இருந்துகொண்டே உலகச் சந்தையில் உழைக்கலாம். இதற்குப் பின்னும் படிக்காதவன் சோம்பேறி’ என்பதே அக்கூற்று.

இது முழுப்பொய் அன்று. முழுப்பொய்யாயின் அதனை எதிர்த்து எழுதவேண்டிய தேவையும் இல்லை. காலப்போக்கில் தானே உதிர்ந்துவிடும். பாதி உண்மையாக இருப்பதனாலேதான் அது தீங்கு விளைக்கின்றது. பாடங்கள் இருக்கின்றன, அவற்றுட் பல கட்டணமற்றவை, நல்லாசிரியர்கள் நடத்துபவை. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘படிக்காதவன் சோம்பேறி’ என்னும் முடிவுரை, ஏழையின் தலையிலே காலங்காலமாகச் சுமத்தப்பட்டு வந்த பழைய பழியைப் புதிய மையினால் எழுதுவதாகும். அதனை மறுப்பதும், மறுத்தபின் செய்யவேண்டுவது யாது எனக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய ஏட்டிலே கணினி நிரலாக்கத்துக்கு என்ன வேலை என வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. விடையை வயலிலிருந்தே தொடங்குவோம்.

மட்டக்களப்பின் பழைய வேளாண்மை அமைப்பை அறிந்தோர்க்குப் போடியார் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வட்டைகள் போடியாருக்கு உரியவை. முல்லைக்காரனும் அவனுடன் நின்ற வயற்காரரும் உழுதனர், விதைத்தனர், இரவில் பரண்கட்டிக் காவலிருந்தனர், அறுத்தனர், சூடடித்தனர். களவெட்டியிலே பொலி குவிந்தபொழுது விதைநெல்லுக்கென ஒரு பங்கு கழிந்தது. முன்னர் வாங்கிய நெல்லுக்கென ஒரு பங்கும் அதன் வட்டிக்கென ஒரு பங்கும் கழிந்தன. எஞ்சியது அவர்களுடையது. ஆண்டு முழுதும் உழைத்தவன், தான் பெற்ற கடன் எத்துணை, கொடுத்தது எத்துணை என்பதைப் போடியாரின் வாயிலிருந்தே அறிந்துகொண்டான். ஏடு போடியாரின் பெட்டியிலே இருந்தது. உழைப்பு ஒருவன் கையிலும் கணக்கு இன்னொருவன் கையிலும் இருந்தமையே அவ்வமைப்பின் உயிர்நிலை.

இன்று அப்பெட்டி இல்லை. ஆனால் ஏடு மறையவில்லை. அது கணினிக்குள் புகுந்துகொண்டது. 2023 யூலையிலே சமுர்த்தி உதவிக்குப் பதிலாக ‘அஸ்வெசும’ என்னும் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. யார் ஏழை என்பதைக் கிராமத்தவர் அறிவர். ஆனால் இத்திட்டத்தில் அதனைத் தீர்மானிப்பது கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளின்கீழ் அமைந்த 22 சுட்டிகள். அவற்றுக்குப் புள்ளியிட்டு, புள்ளிகளைக் கூட்டி, எல்லைக்கோட்டுக்கு இப்பால் நின்றவர் வறியவர் என்றும் அப்பால் நின்றவர் வறியரல்லர் என்றும் வகுத்தனர். பட்டியல் வெளிவந்தபோது நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். நமது பிரதேச செயலகத்தின் வாயிலிலும் தாய்மார் வரிசையிலே நின்றனர். ‘என்னுடைய பெயர் ஏன் இல்லை?’ என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. விடை ஓர் அட்டவணையின் கூட்டுத்தொகையிலே கிடந்தது. அவ்வட்டவணையை வாசிக்கத் தெரிந்தவர் அவ்வரிசையில் எவருமிலர். அவர்களுக்கு வாசித்துக் காட்டக்கூடிய படித்தவர்களாகிய நாமும் அன்று அதனை அறிந்திருக்கவில்லை. இவ்வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து.

இன்னுமொன்று கூறுவோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையினால் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது, பெரும்போகத்துக்கு வேண்டிய பசளை காலத்தே கிடைக்கும் நிலை இருக்கவில்லை. 2021/22 பெரும்போகத்தின் விளைச்சல் வீழ்ந்த கதையைப் போரதீவுப்பற்றின் எந்த வரம்பிலே நின்று கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கேட்டவர் எத்தனைபேர்? ஒவ்வொரு வட்டையிலும் ஏக்கருக்கு எத்தனை மூடை குறைந்தது, எவர் கடன்பட்டனர், எவர் உழவுயந்திரத்தை விற்றனர் என்பதையெல்லாம் நாமே தொகுத்து வைத்திருந்தால், நட்டஈடு கேட்கும்பொழுது நம் கையிலே கண்ணீரோடு ஒரு கணக்கும் இருந்திருக்கும். வெள்ளத்துக்கும் இது பொருந்தும். யானை அழித்த வீட்டுக்கும் இது பொருந்தும். கணக்கில்லாத துயரம் அலுவலகத்தின் மேசையைச் சென்றடைவதில்லை.

ஆகவே தரவுப் பகுப்பாய்வைக் கற்றல் கொழும்பிலே உத்தியோகம் தேடுவோரின் தனித்துறை எனக் கொள்ளலாகாது. எழுத்தறிவு எவ்வாறு ஒரு காலத்திலே சிலரின் உடைமையாயிருந்து பின்னர் பலரின் உரிமையாயிற்றோ, அவ்வாறே இதுவும் ஆகவேண்டும்.

கருவியைப் பொறுத்தவரை காலம் நமக்குச் சாதகமாகவே இருக்கின்றது. ஆயிரம் குடும்பங்களின் விவரங்களைக் கைகளாற் கூட்டிப் பிரித்துப் பார்க்க வாரங்கள் செல்லும். பைதன் மொழியிலே எழுதிய பத்து வரிகள் நொடிப்பொழுதில் அதனை முடிக்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் றொசம் 1991இல் வெளியிட்ட அம்மொழி எவர்க்கும் இலவசம். அட்டவணைகளைக் கையாள்வதற்கெனப் பைதனில் அமைந்த ‘பண்டாஸ்’ என்னும் நிரற்றொகுதியை வெஸ் மக்கினி என்பார் 2008இலே ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குள் எழுதத் தொடங்கினார். பணக்காரரின் பணத்தைக் கணக்கிடப் பிறந்த கருவி அது. பின்னர் பொதுச்சொத்தாகத் திறந்துவிடப்பட்டது. இன்று அதே கருவியினால் நமது வயற்காரரின் கடனையும் கணக்கிடலாம். கருவி தடையன்று. தடை எங்கே இருக்கின்றது என்பதை நாம் பட்டே அறிந்தோம்.

வெல்லாவெளிப் பகுதியிலே ஆசிரியத் தொழில் புரியும் நாம் நால்வர், பத்து வாரங்கள் கொண்ட இணையவழிப் பாடநெறி ஒன்றிலே சேர்ந்தோம். நம்முள் எவரும் கணினி விஞ்ஞானம் கற்றவரல்லர்; தமிழும் வரலாறும் விவசாயமும் கற்பிப்பவர்கள். முதற்பாடம் இனிதே கழிந்தது. ‘உலகே வணக்கம்’ எனத் திரையிலே எழுதச் செய்தபொழுது சிறுபிள்ளைகளைப்போல் மகிழ்ந்தோம். இரண்டாம் வாரத்திலே இடர்கள் தொடங்கின. காணொளிகள் பாதியில் நின்றன. அலை தெளிவாகக் கிடைக்கும் இடம் ஊருக்கு வெளியே வயல்வெளியை அண்டியது. பொழுதுபட்டபின் அங்கே நிற்பதற்கு யானை விடாது. வாரத்துக்கென ‘ரீலோட்’ செய்த பணம் மூன்று நாளிலே தீர்ந்தது. தரவைக் கற்பதற்கே கடையிலே ‘டேட்டா’ வாங்க வேண்டியிருந்த இந்நிலையில், ‘ஒரு சதமும் செலவில்லை’ என்றவரை நினைத்துச் சிரித்தோம்.

மூன்றாம் வாரத்திலே ஒருவர் விலகினார். அவருக்கு அறுவடைக் காலம். நான்காம் வாரத்திலே ஆசிரியை ஒருவர் விலகினார். பகல் பாடசாலைக்கும் இரவு அடுப்படிக்கும் பிள்ளைகளுக்கும் உரியவையாக இருக்கையில், கற்பதற்கென அவருக்கு எஞ்சியது நித்திரை மட்டுமே. எஞ்சிய இருவரும் ஓரிடத்திலே முட்டிக்கொண்டோம். நாம் எழுதிய ஆறு வரிகளை இயந்திரம் ஏற்க மறுத்தது. ஆங்கிலத்திலே ஒரு வழுச்செய்தி வந்தது. அகராதியிலே சொற்களுக்குப் பொருள் கிடைத்தது, செய்திக்குப் பொருள் கிடைக்கவில்லை. இரண்டு இரவுகள் இவ்வாறு வீணாயின. மூன்றாம் நாள், உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவன் ஒருவனிடம் காட்டினோம். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, ‘சேர், ரெண்டாம் வரியக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளுங்க’ என்றான். தள்ளினோம். இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

இலக்கணம் படித்த நமக்கு அக்கணத்திலே ஒரு பேதம் விளங்கியது. நமது இலக்கணத்திலே வழு உண்டு, வழாநிலை உண்டு; இரண்டுக்குமிடையே, பிழையாயினும் காரணம் பற்றி ஏற்கத்தக்க வழுவமைதியும் உண்டு. இயந்திரத்துக்கு வழுவமைதி தெரியாது. நான்கு இடைவெளிகள் குறைந்தாலும் அது மன்னிப்பதில்லை. மன்னிக்காத ஆசானிடம் கற்பவனுக்கு, அருகிலே மன்னிக்கும் ஆசான் ஒருவன் தேவை. காணொளி எத்தனை முறையும் சலியாது பேசும். ஆனால் நாம் எவ்விடத்திலே முகஞ்சுளித்தோம் என்பதை அது காணாது.

இது வெல்லாவெளியின் தனிக்கதையா? அன்று. மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர் ஜஸ்டின் ரீச், ஜோசே ருய்பெரெஸ்-வலியென்டே இருவரும் 2019இல் ‘சயன்ஸ்’ இதழிலே ஓர் ஆய்வினை வெளியிட்டனர். ஹாவார்ட் பல்கலைக்கழகமும் அத்தொழில்நுட்ப நிறுவனமும் 2012 முதல் நடத்திவந்த இணையவழிப் பாடநெறிகளின் பதிவேடுகளை அவர்கள் ஆராய்ந்தனர். 2017-18இல் பதிவு செய்தோருள் பாடநெறியை நிறைவுசெய்தோர் 3.13 வீதத்தினரே. பதிவு செய்தவருட் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தினுள் நுழைந்து பார்த்ததேயில்லை. அதே ஆண்டிலே பணங்கட்டிச் சான்றிதழ் வழியிற் சேர்ந்தோருள் நிறைவுசெய்தோர் 46 வீதம். இப்பாடநெறிகளின் வளர்ச்சி பெரும்பாலும் செல்வ நாடுகளுக்குள்ளேயே நிகழ்ந்தது என்பதும் அவர்களின் முடிபு.

சோம்பேறி என்றவர்கள் இவ்வெண்களைச் சற்று நோக்கட்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் சோம்பேறிகளாயின், அவ்வாறு கூறும் உபதேசியாரின் சொல்லிலேயே ஏதோ வழு இருத்தல் வேண்டும். பணங்கட்டியோர் தேறியமைக்குக் காரணம் பணம் அறிவைத் தந்தது என்பதன்று. கற்றே தீரவேண்டும் என்ற உறுதி முன்னரே உள்ளவர் பணங்கட்டுகின்றனர். அவர்களுட் பலருக்கு நேரமும், மேசையும், அமைதியான அறையும், கேட்டறிய நண்பரும் முன்னமே இருக்கின்றன. கதவைத் திறந்து வைத்தமை உண்மை. கதவு வரை வருவதற்குப் பாதை போடவில்லை என்பதும் உண்மை.

இவ்விடத்திலே 1945ஐ நினைவுகூர்தல் பொருத்தமாகும். சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இந்நாட்டிலே இலவசக் கல்வியைக் கொணர்ந்தபோது, கட்டணத்தை நீக்கிவிட்டோம், இனிப் படிப்பது உங்கள் பாடு எனக் கையைக் கழுவவில்லை. கிராமப்புறங்களிலே மத்திய கல்லூரிகள் எழுந்தன, விடுதிகள் எழுந்தன, புலமைப்பரிசில்கள் வந்தன, ஆசிரியர் அனுப்பப்பட்டனர், தாய்மொழி கல்விமொழியாயிற்று. நமது மாவட்டத்திலே வந்தாறுமூலையில் அவ்வாறு எழுந்த மத்திய கல்லூரியின் வளவிலேதான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. இலவசம் என்ற சொல்லுக்கு அத்தலைமுறை கொண்ட பொருள் அது. இன்று அச்சொல்லைக் கேட்கும்பொழுதெல்லாம், ஆசிரியர் எங்கே, கட்டடம் எங்கே, மொழி எங்கே எனக் கேட்பது நமது கடமை.

மொழியைப் பற்றி இரு திறத்தார் இருவகையாக வாதிடுகின்றனர். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

‘இது ஆங்கிலத்திலே பிறந்த கலை, தமிழிலே கற்பது காலவிரயம்’ என்பார் ஒரு திறத்தார். உண்மையைச் சோதித்துப் பார்ப்போம். பைதன் மொழியிலே இயந்திரம் தனக்கென ஒதுக்கி வைத்துள்ள சொற்கள் 35 மட்டுமே. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு கிழமையிலே மனனஞ் செய்துவிடும். 2008இல் வெளிவந்த பைதனின் மூன்றாம் பதிப்பு முதல், மாறிகளுக்குத் தமிழெழுத்திலேயே பெயரிடலாம், ‘விளைச்சல்’ என்றும் ‘கடன்’ என்றும் நாம் பெயரிட்டோம், இயந்திரம் முகங்கோணவில்லை. கணிதம் எம்மொழிக்கும் உரியது. அங்ஙனமாயின் ஆங்கிலம் தடுப்பது எங்கே? விளக்கத்திலும், வழுச்செய்தியிலும், ஐயந்தீர்க்கும் உரையாடலிலுமே. அவற்றைத் தமிழிலே தருவது இயலாதது என எவர் கூற முடியும்? நமது உயர்தர மாணவர்கள் பைதனைத் தமிழ்மொழிமூலம் கற்றுப் பரீட்சை எழுதுகின்றனர். நமக்கு வழிகாட்டிய மாணவன் அவர்களுள் ஒருவனே.

முன்னோர் செய்ததையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், 1860களில் மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்கள் வகுத்தார். உடலை அறுத்துச் சிகிச்சை செய்யும் கலையைத் தமிழ் தாங்கிற்று. அட்டவணையைக் கூட்டிப் பிரிக்கும் கலையைத் தாங்காதோ? நமது மண்ணிலே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் பயின்று, விஞ்ஞானம் கற்பித்து, பின்னர் தமிழ்ப் பேராசிரியரானவர். 1930களில் சென்னையிலே நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். 1947இல் வெளிவந்த அவரது ‘யாழ் நூல்’ இசையைப் பற்றியது. ஆயினும் அதன் பக்கங்களிலே நிறைந்திருப்பவை விகிதங்களும் கணக்குகளும். மறைந்துபோன ஒரு கருவியை எண்களின் துணைகொண்டு அவர் மீட்டெடுக்க முயன்றார். தமிழ்ப் பட்டதாரிக்கும் எண்ணுக்கும் பகை என்போர், அந்நூலை ஒருமுறையேனும் திறந்து பார்ப்பார்களாக.

மறுதிறத்தார் தூய தமிழன்பர்கள். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தனித்தமிழ்ச் சொல் கண்ட பின்னரே கற்கவேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ போன்று தமிழ்ச் சொற்களாலேயே அமைந்த நிரல்மொழிகள் உள்ளன, பிள்ளைகளின் அச்சத்தைப் போக்க அவை பெரிதும் உதவும், அம்முயற்சியைப் போற்றுகிறோம். ஆனால் உலகத்தோர் யாவரும் எழுதிச் சேர்த்த தொகுதிகள் பைதனிலே குவிந்து கிடக்கையில் அதனைத் தீண்டாது ஒதுங்கி நிற்பது, கடலிலே மீன் இருக்க முற்றத்துத் தொட்டியிலே வலைவீசுவது போலாகும். சொல்லாக்கம் வேண்டும், அது கற்போரின் வாயிலே பிறக்கவேண்டும். ஆங்கில வாசிப்பும் வேண்டும்; தமிழிலே பொருள் விளங்கியவன் ஆங்கிலத்தையும் விரைந்து பற்றிக்கொள்வான். விளங்காதவனுக்கு இரண்டும் இருளே.

இனி, மொழியைக்காட்டிலும் ஆழமான ஒரு குறையைக் கூறவேண்டும். இப்பாடநெறிகளிலே பயிற்சிக்குத் தரப்படும் தரவுகள் யாருடையவை? 1912இலே அமிழ்ந்த ‘டைட்டானிக்’ கப்பலின் பயணிகள் பட்டியல் ஒன்று. ஐரிஸ் என்னும் பூவின் 150 மாதிரிகளின் இதழளவுகள் மற்றொன்று. இவ்வளவுகளை வைத்து ரொனால்ட் பிஷர் 1936இல் எழுதிய கட்டுரை வெளிவந்த ஏட்டின் பெயரே ‘இனமேம்பாட்டியல் ஆண்டிதழ்’ என்பது. அமெரிக்காவின் பொஸ்டன் நகர வீட்டு விலைகள் வேறொன்று. 1978இல் வெளியான ஆய்வொன்றிலிருந்து வந்த இவ்வட்டவணையிலே, அப்பகுதியிற் கறுப்பின மக்கள் எத்துணை வீதத்தினர் என்பதிலிருந்து கணக்கிட்ட ஒரு நிரலும் வீட்டு விலையைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. பல்லாயிரம் மாணவர் அதனை ஐயமின்றிக் கூட்டிப் பெருக்கினர். இறுதியாக, அதனைத் தன்னகத்தே வைத்திருந்த ‘சைக்கிற்-லேர்ன்’ என்னும் நிரற்றொகுதி, இவ்வறக்கேட்டினைச் சுட்டிக்காட்டி 2022இலே அதனை நீக்கிவிட்டது. எண்கள் குற்றமற்றவை, சார்பற்றவை என்பாருக்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. எதை எண்ணுவது, எவரை எந்த நிரலிலே நிறுத்துவது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. இயந்திரத்துக்கு முன்னே அமர்ந்திருப்பவரின் வர்க்கமும் நிறமும் தீர்மானிக்கின்றன.

இதனை உணர்ந்தபின், தனித்தனியே இரவில் விழித்திருப்பதை நாம் கைவிட்டோம். சனிக்கிழமைப் பிற்பகல்களிலே பாடசாலையின் கணினி அறையிலே கூடினோம். விலகிய இருவரும் திரும்பினர். மாணவர் சிலரும் வந்தமர்ந்தனர். முதலிலே வந்தவன் அந்த உயர்தர மாணவனே. காணொளிகளை வலுவான இணைப்புள்ள இடத்திலே ஒருவர் இறக்கிக்கொண்டு வருவார், நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம், தமிழிலே பேசுவோம். கப்பலையும் பூவையும் விட்டு, நமது வயல்களை எடுத்துக்கொண்டோம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் மாவட்டவாரியாக நெல் விளைச்சல் விவரங்களை வெளியிடுகின்றது. அவற்றோடு வைத்துப் பார்ப்பதற்காக, தத்தம் வீட்டிலே கேட்டு, ஏக்கருக்கு எத்தனை மூடை என எழுதிவருமாறு மாணவரிடம் கூறினோம்.

அவர்கள் கொணர்ந்த அட்டவணை நமக்குக் கற்பித்தது, பத்து வாரக் காணொளிகள் கற்பித்ததினும் அதிகம். ஒருவர் வீட்டு மூடையின் நிறை வேறு, மற்றவர் வீட்டு மூடையின் நிறை வேறு. ஒருவர் எழுதிய ஏக்கர் உறுதியில் உள்ளது; மற்றவர் எழுதியது விதைத்த பரப்பு. இவற்றை ஒருநிலைப்படுத்தாது கூட்டினால் கிடைப்பது பொய். பாடநெறிகளிலே ‘தரவுத் தூய்மையாக்கம்’ என அரைமணி நேரத்திலே கடந்துபோகும் பகுதி இது. நமக்கு மூன்று சனிக்கிழமைகள் சென்றன. இறுதியிலே பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: ‘சேர், விளைச்சல் எண்டு எதப் போடுற? வயல்ல வெட்டினதா, குத்தகையும் கடனும் குடுத்துப்போட்டு வீட்ட வந்ததா?’

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அவளது தந்தை குத்தகைக்கு வயல் செய்பவர். அதுவரை நமது அட்டவணையிலே ‘விளைச்சல்’ என ஒரு நிரலே இருந்தது. அவளது கேள்விக்குப் பின் இரண்டாயிற்று: ‘வெட்டியது’, ‘வீடு வந்தது’. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைப் பைதன் ஒரே வரியிலே கழித்துக் காட்டியது. போடியாரின் பெட்டியிலே பூட்டியிருந்த ஏட்டின் பக்கம் ஒன்றை, அவ்வயலிலே உழைப்பவரின் மகள் தன் கையாலே திறந்து வாசித்தாள் என்றே நாம் அதனைக் கண்டோம். அந்த இரண்டாம் நிரலை எந்த வெளிநாட்டுப் பாடநெறியும் தந்திராது. அக்கேள்வியைக் கேட்பதற்கு அவளே வேண்டும். கேள்வியைக் கணக்காக்குவதற்குப் பைதன் வேண்டும். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தை அமைப்பதே நமது பணி.

எனவே நாம் சொல்வது இணையவழிக் கல்வியைப் புறக்கணியுங்கள் என்பதன்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பைதன் முதலிய பாடநெறிகளை இணையவழியில் இலவசமாகத் தருகின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020இல் நிரலாக்கத்திலும் தரவு விஞ்ஞானத்திலும் இணையவழிப் பட்டப்படிப்பையே தொடங்கிற்று. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பாடநெறியை நாம் பாடப்புத்தகமாகக் கொள்ளவேண்டும். ஆசிரியராகவும் பாடசாலையாகவும் தோழராகவும் கொள்ளலாகாது. சில மணித்தியாலப் படிப்புக்குப் பளபளப்பான சான்றிதழ் விற்று, அதனை வைத்து உத்தியோகம் கிடைக்கும் என ஆசைகாட்டும் வணிகரிடம் நம் இளைஞர் ஏமாறாதிருத்தல் வேண்டும். சட்டகமிட்ட தாளினும், தன் ஊரைப் பற்றி ஒருவன் தானே செய்த ஒரு கணக்கு மேலானது.

அரசிடம் நாம் கேட்பவை சில. உயர்தரத்திலே பைதன் இருக்கின்றது. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் படுவான்கரையின் பாடசாலைகளுக்கும் வேண்டும். கணினி அறைகள் வார இறுதியிலும் ஊராருக்குத் திறக்கப்படவேண்டும். பொதுநூலகங்களில் நிலையான இணைப்பு வேண்டும். பொழுதுபட முன் வீடு சேரவேண்டிய பிள்ளைகளுக்கு வாகன வசதி வேண்டும். மக்களைத் தரம்பிரிக்கும் திட்டங்களிலே எந்தச் சுட்டிக்கு எத்தனை புள்ளி என்பது, கிராம சேவையாளரின் அலுவலகச் சுவரிலே தமிழில் ஒட்டப்படவேண்டும்.

நம்மிடம் நாம் கேட்பது ஒன்றே. தமிழ் படித்தோர், கதை எழுதுவோர், கவிதை பாடுவோர் ‘இது நமது துறையன்று’ என ஒதுங்குதல் இனித் தகாது. மக்களின் துயரை எழுதுவோம் எனச் சூளுரைத்தவர்கள், அத்துயர் எண்ணாக மாற்றப்பட்டு ஏட்டிலே ஏறும் இடத்தையும் அறிந்திருக்கவேண்டும். முப்பத்தைந்து சொற்களைக் கற்பது முடியாத காரியமன்று. தனியே கற்க முயன்று தோற்றவர்கள் வெட்கப்படவேண்டியதுமில்லை. நால்வராகக் கூடி மீண்டும் தொடங்கட்டும்.

நமது சனிக்கிழமைக் கூட்டத்திலே அடுத்து எடுத்துக்கொண்டிருப்பது அந்த 22 சுட்டிகளை. மேன்முறையீட்டு விண்ணப்பத்தோடு இனி வரிசையிலே நிற்கும் தாய்க்கு, அவளது புள்ளி எவ்வாறு கூட்டப்பட்டது என்பதை ஒரு தாளிலே தமிழில் எழுதிக் கொடுக்க நம் மாணவர் ஆயத்தமாகின்றனர். ஒவ்வொரு ஊரிலும் இவ்வாறு ஒரு கணினி அறை திறக்கட்டும். ஒவ்வொரு அறையிலும் அந்த மாணவியைப்போல் ஒருத்தி எழுந்து கேட்கட்டும். ஏடு நம் கைக்கு வந்தே தீரவேண்டும்.